விலையும் மதிப்பும்

ஒரு பொருளின் விலை ஏறினால் அதனை வாங்குவோர் குறைவர் என்பது பொருளியலின் பொதுவிதி. ஆனால், சில ஆடம்பரப் பொருள்களுக்கு விலை உயர்ந்தாலும் விருப்பம் குறைவதில்லை. இதற்குக் கைக்கடிகாரம் தக்க சான்றாகும்.

1969ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் மிகுந்த விலைக்கு விற்ற இவ்வகைக் கடிகாரம், சில ஆண்டுகளில் எளியோரும் வாங்கும் அளவிற்கு மலிந்தது. சுருள்வில்லால் இயங்கும் கடிகாரம் ஒரு நாளில் காட்டும் பிழையைவிட இது காட்டும் பிழை மிகக் குறைவு. இதனால் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் நலிந்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் உழைத்த அத்தொழிலில், 1980களின் நடுவில் 30,000 பேர் அளவிலேயே எஞ்சினர்.

எனினும் சுருள்வில் கடிகாரம் மறைந்துவிடவில்லை. நேரங்காட்டும் கருவியாக இருந்த அது, செல்வநிலையைக் காட்டும் அணிகலனாயிற்று. இன்று சில நூறு ரூபாய்க் கடிகாரமே நேரத்தைச் சரியாகக் காட்டுகிறது. ஆயினும் பல இலட்சம் ரூபாய்க் கடிகாரத்தைக் காத்திருந்து வாங்குவோர் உள்ளனர்.

இதன் காரணத்தை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் 1899இலேயே ஆராய்ந்தார். கையால் செய்த வெள்ளிக் கரண்டியும் எந்திரத்தில் செய்த அலுமினியக் கரண்டியும் ஒரே பயனைத் தருவன. வெள்ளிக் கரண்டி மேலானதாகக் கருதப்படுவதற்கு அதன் விலையும் ஒரு காரணம் என்றார். பிறர் காணச் செலவிடும் வழக்கம் செல்வரிடம் மட்டுமன்றி வறியவரிடமும் உண்டு என்றும் சுட்டினார்.

கைத்திறனுக்கு உரிய விலை உண்டு என்பது உண்மையே. ஆனால், வாங்குபவர் அதனோடு பிறர் தரும் மதிப்பையும் சேர்த்தே வாங்குகிறார். எல்லார் கையிலும் காணப்பட்டால் அம்மதிப்புக் குறைந்துவிடும். எனவே விற்பவர் விலையைக் குறைக்க விரும்புவதில்லை. உற்பத்தியையும் அளவோடு நிறுத்துகிறார்.

செல்வருக்கு இச்செலவு பெரிதன்று. அவரைப் போலத் தோன்ற விரும்பித் தவணைக் கடன் பெறும் குடும்பத்திற்கோ, அது வட்டியோடு வளரும் சுமையாகும். எவரும் காணாவிடினும் இப்பொருளை வாங்குவோமா என எண்ணிப் பார்ப்பவர், பயனுக்கு எவ்வளவு, பெருமைக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்பதை அறிந்துகொள்வார்.

சொற்பொருள்

நலிதல் – மெலிதல், தளர்தல்
அணிகலன் – நகை
வறியவர் – ஏழை
சுட்டுதல் – எடுத்துக்காட்டுதல்

வினாக்கள்

1. பொருளியலின் பொதுவிதி யாது?
2. சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் நலிந்தது ஏன்?
3. இரு கரண்டிகளைக் கொண்டு வெப்லன் விளக்கிய கருத்து யாது?
4. உம் ஊரில் பயனைவிடப் பெருமைக்காக வாங்கப்படும் பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.