கோடையில் பிள்ளையை எந்த நாடகப் பட்டறையில் சேர்ப்பது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் முகாம் விளம்பரங்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். நீச்சல், அபாகஸ், ரோபோட்டிக்ஸ், நடுவில் ‘நடிப்பு’. கூச்சம் போகும், தன்னம்பிக்கை வளரும், கடைசி நாள் மேடையேற்றம், சான்றிதழ் உண்டு. எல்லாவற்றிலும் இதே வரிகள்தான். விளம்பரத்தை மட்டும் படித்துவிட்டு எது நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் ‘நாடகப் பட்டறை’ என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து காரியங்கள் நடப்பது தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் நடத்துகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “வசனம் இல்லாத பிள்ளை உங்கள் நாடகத்தில் என்ன செய்யும்?” கட்டணம், நேரம், வேன் வசதி எல்லாம் அப்புறம். இந்தக் கேள்விக்குச் சட்டென்று, சுவாரசியமாகப் பதில் சொல்கிறவரிடம் பிள்ளையை நம்பி விடலாம். “எல்லாருக்கும் ஒரு வசனமாவது கொடுத்துவிடுவோம் சார்” என்று சமாதானம் சொன்னால் யோசிக்க வேண்டும்.

பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் நடக்கும் பத்து நாள் முகாமை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மொத்தம் 20 மணி. முப்பது பிள்ளைகள், முடிவில் பதினைந்து நிமிட நாடகம். சமமாகப் பங்கு போட்டால் தலைக்கு அரை நிமிடம். அப்படிப் போடவும் மாட்டார்கள். ஏற்கெனவே நன்றாகப் பேசத் தெரிந்த நாலு பிள்ளைகள் ராஜாவும் மந்திரியுமாக ஆகிவிடுவார்கள். மற்றவர்கள் மரம், பொதுமக்கள், காவலாளி. அட்டையில் வெட்டிப் பச்சை அடித்த இலைக்கொத்தை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு நாடகம் முழுக்கத் தெரிவது அட்டையின் பின்பக்கமும் அதில் ஒட்டிய செலோ டேப்பும்தான். கூச்சத்தைப் போக்கத்தான் அவனைச் சேர்த்தார்கள். முகம் தெரியாமல் நிற்பதற்கு அவன் பத்து நாள் பயிற்சி எடுத்திருக்கிறான்.

அதே மரத்தை வேறு மாதிரியும் செய்யலாம். ஐந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரு மரம். ஒருத்தி கைகள் கிளை, இன்னொருவன் உட்கார்ந்து வேர், மூன்றாமவன் வாயாலேயே காற்று, நாலாவது பிள்ளை அணில். ராஜா நிழலுக்கு வந்து உட்கார்ந்ததும் மரம் மெல்ல நகர்ந்துவிடுகிறது. அவர் எழுந்து மறுபடி நிழலைத் தேடுகிறார். இந்தக் காட்சியில் ராஜாவுக்கு வசனம் தேவையே இல்லை, சிரிப்பெல்லாம் மரத்துக்குத்தான். இப்படி ஒரு காட்சியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளுக்குப் பொறுமை உள்ளவரா என்பதைத்தான் நாம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பத்து நாள் முகாம் என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. ஆறிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதும், கடைசி நாள் நிகழ்ச்சி இல்லாவிட்டால் இன்னும் நல்லது. இங்கிலாந்தின் பீட்டர் ஸ்லேட் 1954இல் எழுதிய ‘சைல்டு டிராமா’ என்ற புத்தகத்திலேயே, சிறு பிள்ளைகளின் இயல்பான நாடகம் அவர்களுடைய விளையாட்டில்தான் இருக்கிறது, அவசரப்பட்டு மேடையில் ஏற்றிப் பார்வையாளர் முன் நிறுத்தினால் அது கெட்டுப்போகும் என்று வாதாடியிருக்கிறார். இந்த வயதில் கண்ணாடி விளையாட்டு, சிலை விளையாட்டு, ‘இந்தத் துண்டு என்னவெல்லாம் ஆகும்’ விளையாட்டு இவையே முழுச் சாப்பாடு. நம் ஊரில் சிக்கல் பெற்றோரிடம் இருக்கிறது. நாலாயிரம் ஐயாயிரம் கட்டியவர்களுக்கு வீடியோ எடுக்க ஏதாவது வேண்டும். அதைத் தெரிந்துகொண்டுதான் நடத்துகிறவர்கள் மூன்றாம் நாளே வசனத் தாளை நீட்டுகிறார்கள்.

ஒன்பது வயதைத் தாண்டியவர்களுக்கு என்னுடைய முதல் சிபாரிசு, நாடகத்தையே தொழிலாகக் கொண்ட குழு நடத்தும் மூன்று நாலு வாரப் பட்டறை. தமிழில் இதற்கு நல்ல பின்புலம் உண்டு. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, நடிகனின் உடம்பையும் குரலையும் நாள்தோறும் பழக்குவது என்ற எண்ணத்தை இங்கே ஊன்றியது. பசுபதியும் குரு சோமசுந்தரமும் அங்கிருந்து சினிமாவுக்குப் போனவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சினிமாவுக்குப் போகாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர்களும் இருக்கிறார்கள், நமக்கு வேண்டியவர்கள் அவர்கள். புதுச்சேரியில் வேலு சரவணன் கோமாளி வேடத்தில் பள்ளி பள்ளியாகப் போய்க் குழந்தைகள் நாடகம் போட்டு வருகிறார். பார்க்க வந்த பிள்ளைகளையே நாடகத்துக்குள் இழுத்துக்கொள்வது அவருடைய பாணி. வெளி மாநிலத்திலும் முன்மாதிரிகள் உண்டு. தில்லி தேசிய நாடகப் பள்ளி 1989இல் கல்விக்கென்றே ஒரு நாடகக் குழுவைத் தொடங்கிக் கோடைதோறும் பிள்ளைகளுக்குப் பட்டறை நடத்தியது. மைசூர் ரங்காயணத்தின் ‘சின்னர மேளா’வில் இடம் பிடிக்கப் பெற்றோர் அடித்துப்பிடித்துக்கொண்டு வருவார்கள்.

இந்த வகைப் பட்டறையில் கையில் எழுதிய நாடகம் இருக்காது, இருந்தாலும் முதல் வாரத்தில் வெளியே வராது. ஒரு கதையைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, “அடுத்து என்ன ஆகும், செய்து காட்டுங்கள்” என்பார்கள். பத்தாவது நாள் போய்ப் பார்த்தால் ஒரே கூச்சலாக இருக்கும். பணம் வீணோ என்று தோன்றும். அந்தக் கூச்சலுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆசிரியர் கை தட்டினால் நிற்கிறார்களா? ஒரு குழு செய்யும்போது மற்றவர்கள் பார்க்கிறார்களா? இருந்தால் கவலை இல்லை. ‘நடுவில் ஒரு நாள் வந்து பார்க்கலாமா’ என்று சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளைக் காட்ட எல்லோரும் தயார்தான். நடுநாளைக் காட்டத் தயங்காதவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதில் உள்ள கஷ்டம் குடும்பத்துக்குத்தான். மே மாதத்தில் ஒரு கல்யாணம், ஒரு கோயில் திருவிழா, பாட்டி வீட்டில் ஒரு வாரம் இல்லாத வீடு உண்டா? பத்து நாள் முகாமில் இரண்டு நாள் போகாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. கூட்டாக நாடகம் உருவாக்கும் இடத்தில் மரத்தின் வேர் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால் மற்ற நாலு பேரும் திண்டாடுவார்கள். ஊருக்குப் போவது உறுதியென்றால் இதில் சேர்க்காதீர்கள்.

தெருக்கூத்தைப் பற்றி நகரத்துப் பெற்றோர் யோசிப்பதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வசனம் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட ஏற்ற பள்ளி கிடையாது. சென்னை ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கும் பல பிள்ளைகள் தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வருகிறார்கள். ‘ழ’ வரும் இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருக்கும். கூத்தில் தாளே கிடையாது. வாத்தியார் பாடுவார், பிள்ளை திருப்பிப் பாட வேண்டும். அவர் அடவு வைப்பார், இவன் வைக்க வேண்டும். காதும் காலும் போதும். மிருதங்கமும் முகவீணையும் ஒலிக்க, வெறுங்காலோடு மண்ணில் கிறுகி ஆடிப் பழகியவனுக்குக் குரலை எங்கிருந்து எடுப்பது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கூத்துப்பட்டறை நடிகர்களே செய்யாறு பக்கத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையிடம் கற்றவர்கள்தாம். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி பிரைனும் 2002இலிருந்து 2020வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில், பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றார்கள் பிள்ளைகள். பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள்.

ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். கோடை என்பது திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் காலம். நமக்கு விடுமுறை, அவர்களுக்கு விடிய விடிய வேலை. ஆகவே வாத்தியாரிடம் மே மாதத்தில் நேரம் கிடைப்பது அரிது. கூத்தர்களை அழைத்து வந்து நகரத்தில் நடத்தும் ஒரு வாரப் பட்டறை கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் வடதமிழகத்தில் ஏதாவது ஒரு ஊருக்குப் பிள்ளையை ஒரு ராத்திரி கூட்டிப்போய்க் கூத்தில் கதையை நடத்திச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் முன்னால் உட்கார வையுங்கள். தூங்கினால் தூங்கட்டும்.

ஆங்கில நாடகக் குழுக்கள் தனி உலகம். சென்னையில் ஆயிஷா ராவ் 1991இல் தொடங்கிய தி லிட்டில் தியேட்டர், ஆண்டுதோறும் போடும் கிறிஸ்துமஸ் பான்டமைமால் பேர் பெற்றது. இந்த வழியில் வருபவர்களிடம் பாட்டு, ஆட்டம், வெளிச்சம், உடை எல்லாம் கச்சிதமாக இருக்கும், நேரம் தவறமாட்டார்கள். உங்கள் பிள்ளை வீட்டிலும் ஆங்கிலத்திலேயே கனவு காண்கிறது என்றால் அங்கே சேர்ப்பதில் தப்பில்லை. பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்கவிடும் இடங்களை மட்டும் தவிருங்கள். செலவும் எங்கும் கூடுதலாகத்தான் இருக்கும். உடைக்குத் தனிப் பணமா, நாடகம் பார்க்க வரும் அப்பா அம்மாவும் டிக்கெட் வாங்க வேண்டுமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் வரும் ஜவகர் சிறுவர் மன்றங்களைப் பலர் மறந்தே போய்விட்டார்கள். 5 வயது முதல் 16 வயது வரை சேரலாம், கட்டணம் குறைவு. பாட்டு, பரதம், ஓவியம் பெரும்பாலும் இருக்கும். நாடகம் எல்லா ஊரிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. நேரில் போய்க் கேட்பதே வழி.

வயதைப் பற்றி இன்னொன்று. பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும். சிறுவர்களே எல்லா வேடமும் கட்டிய பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் இதை மகரக்கட்டு என்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்ற கம்பெனிகளில் பாட்டை நம்பித்தான் வேடம். குரல் போனால் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் போச்சு. இன்றைய பட்டறைகளிலும் அந்த வயதுப் பையன்கள் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். பாட்டு மையமான நாடகத்தில் அவர்களைச் சேர்க்காமல், உடல் அசைவும் மேடைக்குப் பின்னால் வேலையும் உள்ள இடமாகப் பாருங்கள். ஒளி, ஒலி, முகமூடி செய்வது, அரங்கப் பொருள்களைக் கணக்கு வைப்பது என்று பொறுப்பு கொடுத்தால் அந்த வயதில் முகம் மலரும். மேடை நிர்வாகத்தைப் பிள்ளைகள் கையிலேயே விடும் பட்டறை எதுவானாலும் என் மதிப்பில் ஒரு படி மேலே.

பாதுகாப்பு விஷயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். எப்போதும் இரண்டு பெரியவர்களாவது கூடத்தில் இருப்பார்களா, அதில் ஒருவர் பெண்ணா, உடை மாற்ற மறைவான இடம் உண்டா, போக்சோ சட்டம் பற்றி ஊழியர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா, படம் எடுத்து ரீல்ஸ் போட நம்மிடம் அனுமதி கேட்பார்களா? இப்படிக் கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணி வகுப்பு என்றால், எவ்வளவு பெரிய ஆசிரியரானாலும் வேண்டாம். சினிமா வாய்ப்பு வாங்கித் தருகிறோம் என்று யாராவது பேச்செடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சேர்த்த பிறகு மூன்றாம் நாள் பிள்ளை “நான் போகமாட்டேன்” என்று அழலாம். பயந்த பிள்ளைகள் மட்டுமல்ல, வாயாடிகளும் அழுவார்கள். தன் பேச்சைக் கேட்க ஆளில்லாத இடம் அவர்களுக்குப் புதுசு. ஒரு வாரம் வரை பொறுத்துப் பார்க்கலாம். உள்ளே உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்க்க ஆசிரியர் அனுமதிப்பாரா என்று கேளுங்கள். “பார்க்கட்டும், தோன்றும்போது வரட்டும்” என்பவரிடம் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். எல்லோர் முன்னாலும் இழுத்து நிறுத்திக் கேலி செய்கிறவராக இருந்தால், பணம் போனால் போகிறது.

ஊரில் எதுவுமே இல்லாதவர்கள் என்ன செய்வது? மாவட்ட மைய நூலகங்களிலும் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்களிலும் பிள்ளைகளுக்கான கதை சொல்லல் நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு, அங்கே விசாரிக்கலாம். எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கக் காலத்துக் கலைப்பயணங்களில் ஆடிப் பாடிய ஆசிரியர்கள் இன்று ஓய்வு பெற்று ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். விசாரித்துக் கண்டுபிடித்து, எட்டுப் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, காலை ஏழு முதல் ஒன்பது வரை பள்ளிக்கூட வராந்தாவைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கினால் வேலை முடிந்தது. மே முதல் வாரத்துக்குள் ஆரம்பித்துவிடுங்கள், அதற்கப்புறம் பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள்.