செதுக்கு யந்திரத்தின் நடுக்கமும் முனைத் தேய்வும்

தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரமே உரியது. குடமும் தண்டியும் தலைப்பகுதியும் ஒரே மரத்தினின்று குடைந்தெடுக்கப்படுமாயின் அதனை ஏகாண்ட வீணை என்று வழங்குவர். குடைவோர் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு உட்புறத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் செல்வர். இழை திரும்பும் இடத்தில் உளி தெறிக்கத் தொடங்கின் அதனை முதலில் அறிவது அவர்தம் மணிக்கட்டே. கை தானே தாழும், உளி சாயும், வேண்டுமாயின் சாணைக்கல்லுக்குச் சென்று மீளும்.

இக்காலத்தில் மேசைமீது வைக்கத்தகும் சி.என்.சி. ரௌட்டர் என்னும் சிறு செதுக்கு யந்திரம் மாணவர் இல்லங்களிலும் புகுந்துள்ளது. கணினியில் வரைந்த உருவத்தைப் பின்பற்றி, நிமிஷத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் பிட் ஒன்று மரத்தைக் குடைந்து செல்லும். மணிக்கட்டின் அறிவு அதற்கில்லை; உளி தெறிப்பினும் இட்ட கட்டளைப்படியே சென்றுகொண்டிருக்கும். தஞ்சையில் எம் நண்பர் ஒருவர் இத்தகைய யந்திரத்தால் பலாத்துண்டில் சிறு குடமொன்றைக் குடைந்தபொழுது, சுவரெங்கும் மீன்செதிள் போன்ற வரிகள் விழுந்தன. புதிய பிட்டும் சின்னாளில் மழுங்கிற்று. இவற்றை இருவேறு நோய்களாக எண்ணுவோரே பலர். எமது கருத்தில் இவை ஒன்றையொன்று வளர்க்கும் இரு நோய்கள். அஞ்சி நடையைக் குறைத்தல் என்னும் வழக்கமான மருந்தோ, முனையை இன்னும் விரைவில் தேய்த்துவிடும்.

நடுக்கம் எவ்வாறு பிறக்கின்றது? அறுவடைக் காலத்து மண்சாலையை நினைத்துப் பார்க்க. வண்டிச் சக்கரம் ஒரு சிறு மேட்டில் ஏறி இறங்கும். இறங்குமிடத்திற் குழி விழும். அடுத்து வரும் வண்டி அக்குழியில் வீழ்ந்து எழுந்து அதனை ஆழமாக்கும். சில நாளிற் சாலை முழுதும் அலையலையாகிவிடும். பிட்டின் பற்களும் இவ்வாறே. முதற்பல் சற்றே அசைந்து வெட்டினால் மரத்தில் ஓர் அலை பதிகின்றது. அடுத்த பல் அவ்வலையின் மேல் ஓடும்பொழுது ஓரிடத்து மிகுதியாகவும் ஓரிடத்துக் குறைவாகவும் மரத்தைக் கவ்வுகின்றது. கவ்வும் அளவு மாற, தாக்கும் விசையும் மாறும். விசை மாற, பிட் மீண்டும் அசையும். புதிய அசைவு பழைய அலையோடு பொருந்துமாயின் நடுக்கம் தணியும், பொருந்தாதாயின் பெருகும். அமெரிக்காவில் உலோகம் வெட்டும் கலையை ஏறத்தாழ 26 ஆண்டுகள் ஆராய்ந்து 1906-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்ட பிரெடெரிக் டெய்லர், தொழிலாளர்க்கு நேரும் சிக்கல்களுள் இந்நடுக்கமே மிகவும் புலப்படாதது எனக் கருதினார். அலைமேல் அலை என்னும் விளக்கம் தெளிவுற்றது அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில், துளுஸ்டி, தோபியாஸ் முதலியோர் ஆராய்ச்சிகளாலேயே.

நோயறிதற்குச் செவியே நல்ல கருவி. தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இலக்கணம் பயில்வோர் இரட்டைக்கிளவி என்று மனனம் செய்வன இங்கே தொழிற்குப் பயன்படுகின்றன. கடகடவென்பது ஒன்று, கிரீச்சென்பது மற்றொன்று, உர்ரென்பது வேறொன்று. ஆயினும் ஒலியின் பெயரைவிட அதன் சுருதியைக் கவனித்தல் நன்று. இரு பல் உடைய பிட் நிமிஷத்துக்கு 18,000 முறை சுழன்றால் விநாடிக்கு 600 முறை மரத்தைத் தாக்கும்; 12,000 ஆகக் குறைத்தால் 400 முறை. சுழற்சியைக் குறைக்க ஒலியின் சுருதியும் உடன் இறங்குமாயின், அது பல் தாக்கும் ஒலியோ, பிட் மையம் பிறழ்ந்து சுழலும் ஒலியோ ஆகும். சுழற்சி மாறியும் சுருதி பெரும்பாலும் மாறாதாயின், யந்திரத்தின் ஏதோ ஓர் உறுப்போ, பிட்டோ, மரமோ தனக்கே உரிய சுருதியிற் பாடுகின்றது என்று கொள்க. மீட்டுவது எந்த விரலாயினும் வீணைத் தந்தி தன் சுருதியிலேயே ஒலிப்பதன்றோ? இப்பின்னதே மெய்யான நடுக்கம்.

பாடும் உறுப்பைத் தேடும்பொழுது முதலில் மரத்தைப் பற்றியிருக்கும் பிடியை நோக்குக. காவிரிப் பாசனநாட்டில் ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஈரம் உண்டு வளையும். யந்திரத்தின் அடிப்பலகையும் வீங்கும். நான்கு மூலையும் படியாத துண்டு நடுவில் முரசுபோல் அதிரும். அடிப்பலகையை அவ்வந்நாளில் அந்த யந்திரத்தாலேயே மெல்லச் சீவிச் சமன்செய்து கொள்ளலாம். வீட்டுத் தச்சர் இழைப்புளியால் செய்வதும் இதுவே.

அடுத்து, பிட் பிடிப்பினின்று வெளியே நீண்டிருக்கும் அளவு. இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. யாமோ இதனையே தலையாயதென்போம். ஒரு விசைக்குப் பிட் வளையும் அளவு அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 40 மில்லிமீட்டர் நீண்டிருந்ததை 20 ஆக்கினால் வளைவு பாதியாவதன்று, எட்டில் ஒரு பங்காகும். தடிப்பின் பயனோ இதனினும் பெரிது: 3 மில்லிமீட்டர்ப் பிட்டுக்குப் பதில் 6 மில்லிமீட்டர்ப் பிட் இடின் வளைவு பதினாறில் ஒரு பங்கே. கொள்ளிடத்தில் ஓடக்கோல் ஊன்றுவோர் கோலின் நுனியைப் பற்றி உந்துவதில்லை. பிட்டைக் கவ்வும் காலெட்டில் மரத்தூளும் பிசினும் அடைந்திருப்பின் பிட் சாய்ந்து நிற்கும். அப்பொழுது இரு பற்களுள் ஒன்றே வெட்டும், அதுவே விரைந்து தேயும். காலெட்டைத் துடைத்தல் இரண்டு நிமிஷ வேலை. வார்ப்பட்டையின் தளர்ச்சியும் சக்கரங்களின் ஆட்டமும் விரலால் அசைத்தாலே தெரிந்துவிடும்.

இனி முனைத் தேய்வு. கூர்முனை என்று நாம் கூறுவதும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒரு சிறு வளைவே. சீவும் துண்டு அவ்வளைவினும் மெலிதாயின் முனை வெட்டாது. மரத்தை அமுக்கி உரசும். உரசலால் வெப்பம், வெப்பத்தால் தேய்வு. இரு பற்பிட் 18,000 சுழற்சியில் நிமிஷத்துக்கு 900 மில்லிமீட்டர் செல்லுமாயின், ஒவ்வொரு பல்லும் சீவுவது 0.025 மில்லிமீட்டர். நடுக்கத்துக்கு அஞ்சி நடையை 450 ஆகக் குறைப்பின் அது 0.0125 ஆகின்றது. அப்பொழுது ஒலி சற்று அடங்கலாம்; ஆனால் யந்திரத்தினின்று வருவது சீவலன்று, மாவு. சிறிது நேரத்தில் தீய்ந்த மணமும் எழும். மாறாகச் சுழற்சியை 12,000 ஆகக் குறைத்து நடையை 1,800 ஆக உயர்த்தினால் ஒவ்வொரு பல்லும் 0.075 மில்லிமீட்டர் சீவும். முனை மரத்திற்படும் முறைகள் குறைகின்றன. வெப்பம் சீவலோடு வெளியேறுகின்றது. விசை கூடுமே எனின், கூடும். அதற்கு ஈடாகக் குடையும் ஆழத்தை 3 மில்லிமீட்டரினின்று 1.5 ஆக்குக. எம் நண்பரின் யந்திரத்தில் சுவரின் செதிள்வரி பெரிதும் மறைந்தது இம்மாற்றத்தால்தான்.

கார்பைடு முனை கடினமானது. ஆயினும் நொறுங்கும் இயல்பினது. நடுங்கும் பிட் மரத்தை விட்டு விட்டுக் கவ்வுவதால் முனை சிறுசிறு பொடியாகத் தெறிக்கின்றது. தெறித்த முனைக்கு மிகுந்த விசை வேண்டும். மிகுந்த விசை நடுக்கத்தை மிகுவிக்கும். எனவே மழுங்கிய பிட்டை வைத்துக்கொண்டு பிற திருத்தங்களைச் சோதிப்பது வீண். தேக்கில் மணற்சத்து உண்டாதலின் அது முனையை விரைவில் தேய்க்கும். பலாவிலோ இழைப்பின்னலே பெருந்தொல்லை. மழுங்கலை அறியத் தச்சர் கையாளும் வழி எளிது: முனையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். கூர்முனையில் ஒளி நில்லாது. மழுங்கிய இடம் வெண்கோடாக மின்னும்.

குடம் குடைதலில் மட்டும் தனியே ஓர் இடர் உண்டு. நன்றாக ஒலிக்கும் என்பதற்காகவன்றோ வீணைக்குப் பலாவைத் தேர்கின்றனர்? அவ்வொலிக்கும் குணமே பிட்டின் கீழும் ஒலிக்கின்றது. சுவர் மெலிய மெலிய அது தானே பாடத் தொடங்கும்; நல்ல மரமாயின் நன்றாகவே பாடும். ஆகவே வெளிப்புறம் சதுரக் கட்டையாய்த் தடித்திருக்கும்பொழுதே உட்புறத்தைக் குடைந்து முடித்தல் வேண்டும், வெளிவளைவு பின்னர். முழு வீணையின் குடம் இச்சிறு யந்திரத்துக்கு எட்டாது. அதன் ஆழத்தைத் தொட நீண்ட பிட் வேண்டும். நீளத்தின் கேடு மேலே கூறினோம். மரத்தின் பெரும்பகுதியை யந்திரத்தால் அகற்றி, சுவரில் அரை விரற்கனமேனும் மிகுதியாக விட்டு நிறுத்துதல் தகும். எஞ்சியதை உளியால் குறைக்க வேண்டும். எவ்விடத்து எவ்வளவு என்பதைத் தட்டிக் கேட்டு முடிவு செய்யும் செவி, இன்றளவும் தஞ்சையின் வீணைத் தொழிலாளரிடமே உள்ளது.