இன்குபேட்டர் குஞ்சுகள்: முதல் இரண்டு வாரம்

21-ஆம் நாள் ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளியே வந்ததும் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, அவ்வளவுதான். அடைக்கோழி பொரித்த குஞ்சுக்குத் தாயின் இறக்கைச் சூடும் காவலும் தானாகக் கிடைக்கும். இன்குபேட்டர் குஞ்சுக்கு இரண்டையும் நாம்தான் கொடுக்க வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சுகள் நோயைவிடக் குளிராலும் கவனக்குறைவாலும்தான் அதிகம் சாகின்றன என்பது என் உறுதியான கருத்து.

பொரித்தவுடன் வெளியே எடுக்காதீர்கள். உடம்பு காய்ந்து, ரோமம் பஞ்சாக விரியும்வரை குஞ்சு உள்ளேயே இருக்கட்டும். அதற்கு அரைநாள் ஆகும், சிலவற்றுக்கு ஒரு நாளும் ஆகலாம். பசித்துவிடுமே என்று பதற வேண்டாம். பொரிக்கும் முன்பே மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றுக்குள் போய்விடுகிறது, இரண்டு நாளுக்கு அது தாங்கும். ஆசைக்கு மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் உள்ளிருக்கும் ஈரப்பதம் போய்விடும். ஓட்டில் ஓட்டை போட்டிருக்கும் மற்றக் குஞ்சுகள் சவ்வில் ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் திணறும்.

குஞ்சு பொரிப்பதற்கு முந்தைய நாளே புரூடர், அதாவது குஞ்சுகளைச் சூடாக வைத்திருக்கும் அடைப்பு, தயாராக இருக்க வேண்டும். 25 குஞ்சுக்கு மூன்றடி அகலத்தில், ஒன்றரை அடி உயரத்தில் அட்டையையோ தகரத்தையோ வட்டமாக நிறுத்தினால் போதும். சதுரப் பெட்டி வேண்டாம். குளிர் தாக்கினால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி பரப்புங்கள். முதல் மூன்று நாள் உமியைத் தின்னாமலிருக்க அதன்மேல் சாக்கு விரியுங்கள். வழவழப்பான செய்தித்தாளில் கால் வழுக்கி, இரண்டு பக்கமும் அகன்று, குஞ்சு நிற்க முடியாமல் போகும். மேலே கம்பி வலை கட்டாயம். பூனை, கீரி, பெருச்சாளி மூன்றுக்கும் ஒரு இரவு போதும்.

சூடுதான் உயிர். குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது பழைய கணக்கு. 60 வாட் பல்பு ஒன்றைவிட 40 வாட் பல்பு இரண்டு நல்லது, ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது எரியும். பழைய குண்டு பல்புதான் வேண்டும், எல்இடி சூடு தராது. தரையிலிருந்து ஓர் அடிக்குமேல் தொங்கவிட்டு, குஞ்சின் முதுகு உயரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். சித்திரை வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாது. மார்கழி ராத்திரியில் நான்காவது வாரமும் தேவைப்படும்.

தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்து கீச்சுக் கீச்சென்று கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி வாய் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்து, மெல்லிய குரலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் தூங்கப் போகலாம். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். கரி அடுப்பு வேண்டாம், மூடிய அறையில் புகை குஞ்சுக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீவனம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் மூக்கு நுனியையும் ஒரு முறை நனைத்து விடுங்கள். தலையைத் தூக்கி விழுங்கும், அதன்பின் தானே தேடி வரும். வெல்லத்தண்ணீர் முதல் நாளோடு போதும். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் விழுந்து நனையாது. இரண்டு மணி நேரம் கழித்து, பொடியாக உடைத்த மக்காச்சோளத்தைச் சாக்கின்மேல் தூவுங்கள். மறுநாளிலிருந்து குஞ்சுத் தீவனம் கொடுங்கள். வெறும் அரிசிக் குருணையில் புரதம் போதாது, குஞ்சு வளராது.

தினமும் காலையில் பின்புறத்தைப் பாருங்கள். எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் பிய்க்காதீர்கள், தோல் கிழியும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஊறவிட்டுத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு விடுங்கள். உமி ஈரமானால் அன்றே மாற்றுங்கள். மூன்றாவது வாரத்துக்குமேல் ரத்தக்கழிச்சல் வருவது பெரும்பாலும் ஈர உமியால்தான்.

வீட்டில் அடைக்கோழி இருந்தால் வேலை சுலபம். பொரித்த ஓரிரு நாளுக்குள், இரவில் இருட்டியபின் குஞ்சுகளை அதன் வயிற்றுக்கடியில் நுழைத்துவிடுங்கள். விடியும்போது ஏற்றுக்கொண்டதா, கொத்துகிறதா என்று கிட்ட நின்று பாருங்கள்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். தடுப்பு மருந்தைக் குளிர்ச்சியாகவே கொண்டுவர வேண்டும், கலக்கியதை எடுத்து வைத்து மறுநாள் பயன்படுத்தக் கூடாது. ஒரு குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுக்கு மேல் வரும். ஆகவே முட்டை வைக்கும்போதே அக்கம்பக்கத்தில் கோழி வளர்ப்பவர்களிடம் பேசிவைத்து, கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டு, எல்லோருமாகச் சேர்ந்து போட்டுவிடுங்கள்.