சிறுநீரகம் பழுதானால் இதயம் ஏன் கெடுகிறது?

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. அந்தந்த நிலையத்தில் பயணிகள் இறங்கினால்தான் வண்டிகள் தேங்காமல் ஓடும். நம் இரத்தத்திலும் இப்படிப்பட்ட வண்டிகள் உண்டு. கொழுப்பு தண்ணீரில் கரையாது. ஆகவே கல்லீரல் அதைப் புரதத்தோடு சேர்த்துப் பொதிகளாக்கி அனுப்புகிறது. இவையே லிப்போபுரோட்டீன்கள்.

பொதியில் இரண்டு முக்கியச் சரக்குகள் உள்ளன. டிரைகிளிசரைடு உடலுக்கு எரிபொருள். கொலஸ்ட்ரால் செல் சவ்வுகளை அமைக்க உதவுகிறது. இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள ஒரு நொதி டிரைகிளிசரைடை உடைத்து இறக்கிவிடுகிறது. சரக்கு குறைந்த பொதி எல்.டி.எல். ஆகிறது. இது மிகுந்தால் தமனிச் சுவரில் படியும். எச்.டி.எல். என்ற வேறொரு பொதியோ, மிஞ்சிய கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டு செல்கிறது.

நாட்பட்ட சிறுநீரக நோயில் அந்த நொதி மந்தமாகிறது. பயணிகள் இறங்காத வண்டிகளைப் போல, பாதி இறக்கிய பொதிகள் இரத்தத்தில் தேங்குகின்றன. இவையும் தமனியில் படியக்கூடியவை. எச்.டி.எல்லும் குறைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ராமு நலமானவர், சோமு சிறுநீரக நோயாளி. இருவருக்கும் மொத்தக் கொலஸ்ட்ரால் 180 (100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மில்லிகிராம்).

ராமு: எச்.டி.எல். 50, டிரைகிளிசரைடு 100.
சோமு: எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 240.

1972-இல் ஃபிரீட்வால்டு குழுவினர் தந்த சூத்திரப்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்.டி.எல். கிடைக்கும்.

ராமு: 180 – 50 – 20 = 110.
சோமு: 180 – 32 – 48 = 100.

நோயாளிக்கே எல்.டி.எல். குறைவு! இதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்லை மட்டும் கழியுங்கள். ராமுவுக்கு 130, சோமுவுக்கு 148. தமனியில் படியக்கூடிய பொதிகளிலுள்ள கொலஸ்ட்ரால் முழுவதும் இந்த எண்ணில் அடங்கும்.

சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டுமுன்பே இதய நோயால் இறக்கின்றனர். கொழுப்பு மட்டுமே காரணமல்ல. உயர் இரத்த அழுத்தமும், தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிவதும் சேர்ந்துகொள்கின்றன. எனினும் கொழுப்பைக் குறைப்பது பலன் தருகிறது. பல நாடுகளைச் சேர்ந்த 9,000-க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகள் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரும் விபரீதங்களை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைத்தன.

அதைவிட நல்லது, நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. டாக்டர் எம்.கே. மணியின் வழிகாட்டுதலில் சென்னையின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990-களில் சென்னைக்கு அருகேயுள்ள கிராமங்களில் இதைச் செய்து காட்டத் தொடங்கியது. பயிற்சி பெற்ற பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் சர்க்கரை உண்டா என்று பார்க்க, பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் காணும் பெனடிக்ட் கரைசலே போதுமானதாக இருந்தது. நோய் தெரிந்தவர்களுக்கு விலை மலிந்த மருந்துகள் தரப்பட்டன.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: மொத்தம் 200, எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 150. எல்.டி.எல். எவ்வளவு? எச்.டி.எல். நீங்கலான கொலஸ்ட்ரால் எவ்வளவு?

(விடை: 130, 160.)