எழுத்துகள் எங்கே போயின?

தமிழ்நாட்டின் வட எல்லையை ஒட்டி அமைந்த ஊர்கள் சித்தூரும் திருப்பதியும். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை, சித்தூர் நகரமே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நிலைபெற்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும், இங்கே நெடுங்காலமாக வாழ்ந்து வரும் தமிழ்க் குடும்பங்களும், பணியின் பொருட்டுப் பின்னர்க் குடியேறிய குடும்பங்களும் வீட்டில் தமிழ் பேசுகின்றன. கடைத்தெருவில் தெலுங்கு பேசுகின்றன. அவர்களுடைய கணினியிலும் ஆங்கிலம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்று மொழிகளும் குடியிருக்கின்றன.

கணினியின் உறுப்புகளையும் அதில் இயங்கும் செயலிகளையும் ஒருங்கிணைத்து நடத்துவது இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ் ஆகியவை இயங்குதளங்களே. பழைய பதிப்பை நீக்கிப் புதிய பதிப்பை நிறுவும்போது சில கோளாறுகள் தோன்றுவது இயல்பு. அச்சுப்பொறி அசையாது, ஒலி வராது, பழைய செயலி திறக்காது. இவற்றுள் பெரும்பாலானவை உரிய இயக்கியை மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும். தமிழ்க் கோப்பு படிக்க முடியாத வடிவில் திறப்பதோ வேறு வகைக் கோளாறு. பாட்டியின் கடிதங்களைத் தட்டெழுதி வைத்த கோப்போ, குடும்ப வரலாறு எழுதிய கோப்போ அவ்வாறு திறந்தால், "கோப்பு கெட்டுவிட்டது" என்று எண்ணிப் பலர் அதை அழித்துவிடுகின்றனர். உண்மையில் அக்கோப்பு பெரும்பாலும் கெடுவதில்லை.

கணினி எழுத்துகளை எழுத்துகளாகச் சேமிப்பதில்லை, எண்களாகவே சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை ஓர் அட்டவணை வரையறுக்கிறது. அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டுவது எழுத்துரு. விண்டோஸ் 98 வழங்கிய காலத்தில் அவ்வியங்குதளத்தில் தமிழுக்கு இடம் இல்லை. ஆகவே தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர் ஒரு தந்திரம் செய்தனர். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். கணினி தன்னுள் ஆங்கிலம் இருப்பதாகவே நம்பியது. படிப்பவர் கண்ணுக்கோ தமிழ் தெரிந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெரிதும் வழங்கிய பாமினி என்னும் எழுத்துரு இவ்வகையைச் சார்ந்தது. தமிழ்நாட்டில் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை 1999இல் அரசே ஏற்றது. ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வோர் அட்டவணை. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாது.

வட்டினை முழுதும் துடைத்துவிட்டுப் புதிய இயங்குதளத்தை நிறுவினால், அதிலிருந்த பாமினி எழுத்துருவும் துடைக்கப்படும். பிறகு கோப்பைத் திறந்தால், 'திருப்பதி' என்னும் சொல் இருந்த இடத்தில் ஜே, பி, பெரிய யு, ஜி, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் ஜி, ஜே, பி ஆகிய ஆங்கில எழுத்துகள் தோன்றும். பார்த்தவுடன் பொருளற்ற குப்பை போலத் தோன்றும் இவ்வரிசையைச் சற்று உற்று நோக்க வேண்டும். 'திருப்பதி' என்னும் சொல்லில் 'தி' இருமுறை வருகிறது. ஜே, பி என்னும் இணையும் இருமுறை வருகிறது. ஆகவே ஜே என்பது தகரம்; பி என்பது இகரத்தின் கொக்கி. பகரம் இருமுறை வருகிறது. ஜி என்பதும் இருமுறை வருகிறது. முதல் பகரம் மெய்யெழுத்து. அதற்கேற்ப முதல் ஜியின் பின் அரைப்புள்ளி நிற்கிறது. எனவே அரைப்புள்ளியே மெய்யின் மேல் வைக்கும் புள்ளி. எஞ்சிய பெரிய யு, 'ரு' ஆகும். 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என வருவதும் இதனோடு பொருந்துகிறது. ஒழுங்கு இருக்கும் இடத்தில் செய்தியும் இருக்கிறது. அங்கே காணாமற் போனது எழுத்துரு ஒன்றே. அதை மீண்டும் நிறுவினால் பாட்டியின் கடிதம் முன்போலவே திரையில் தோன்றும்.

இத்தகைய நிலை கணினிக்கு மட்டும் உரியதன்று. திருமலைக் கோயிலின் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 10ஆம் நூற்றாண்டில் சாமவை என்னும் அரசகுலப் பெண் அக்கோயிலுக்கு வழங்கிய கொடைகளும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. பழங்கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விடுவது மிகுதி; எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். நாள்தோறும் அச்சுவர்களைக் கடந்து செல்லும் தமிழரே அவற்றைப் படிக்க இயலாது திகைப்பர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி அவற்றைப் படித்து நூல்தொகுதிகளாக வெளிவரச் செய்தார். கல் கெடவில்லை, அதைப் படிக்கும் முறையே மறந்துபோயிருந்தது.

பல அட்டவணைகளால் எழுந்த குழப்பத்திற்குத் தீர்வாக வந்தது ஒருங்குறி எனப்படும் யூனிக்கோடு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் அட்டவணை இது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்குரியவை. அகரத்தின் எண் 2949. தகரத்தின் எண் 2980. பாமினியில் எழுதிய தகரமோ ஆங்கில ஜேயின் எண்ணாகிய 106ஆகவே சேமிக்கப்படும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000, லதா என்னும் எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழைக் காட்டியது. அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பி, கௌதமி என்னும் எழுத்துருவுடன் தெலுங்கையும் சேர்த்துக்கொண்டது.

ஆயினும் எக்ஸ்பி நிறுவியோர் புதியதொரு சிக்கலைக் கண்டனர். தமிழ் எழுத்துகள் தோன்றின. ஆனால் கொம்புகள் இடம் மாறி நின்றன. காரணம் இது: 'கோயில்' என்னும் சொல்லில் உள்ள 'கோ'வைக் கையால் எழுதுவோர் முதலில் கொம்பும், அடுத்துக் ககரமும், இறுதியில் காலும் எழுதுவர். ஒருங்குறியிலோ ககரம் முதலிலும் ஓகாரக் குறி அடுத்தும் சேமிக்கப்படும். நாம் ஒலிக்கும் வரிசை அதுவே. சேமித்த வரிசையைக் காணும் வரிசையாக மாற்றி அடுக்குவது இயங்குதளத்தின் பணி. எக்ஸ்பியில் அப்பணிக்குரிய பகுதி தானாக இயங்காது. கண்ட்ரோல் பேனலில் மொழிகளுக்குரிய பக்கத்திற்குச் சென்று, ஒரு கட்டத்தில் குறியிட்டு, நிறுவல் வட்டைக் கணினியில் இட்டுச் சேர்க்க வேண்டும். வட்டு இல்லாத வீடுகளில் கொம்புகள் நெடுநாள் தவறான இடத்திலேயே நின்றன. பின்னர் வந்த விஸ்டாவில் இக்குறை நீங்கியது.

இனி, அண்மைக் காலத்துக் கோளாறு ஒன்று. விண்டோஸ் 10 வெளிவந்தபோது லதா, விஜயா ஆகிய எழுத்துருக்கள் கட்டாயப் பகுதியிலிருந்து விருப்பப் பகுதிக்கு மாற்றப்பட்டன. கணினியின் மொழிப்பட்டியலில் தமிழ் இருந்தால் மட்டுமே அவை தாமாக வந்து சேரும். சித்தூர், திருப்பதிப் பகுதியில் கணினி நிறுவுவோர் மொழிப்பட்டியலில் ஆங்கிலத்தையும் தெலுங்கையும் சேர்ப்பது இயல்பு. தமிழைச் சேர்க்க எவரேனும் நினைவூட்ட வேண்டும். நினைவூட்டாத கணினியில் லதாவில் எழுதிய கோப்பைத் திறந்தால் நிர்மலா யுஐ என்னும் மற்றோர் எழுத்துரு அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். எழுத்துகள் தெளிவாகவே தெரியும். ஆனால் அவற்றின் அகலம் வேறு. நான்கு பக்கத்தில் அடங்கிய விழா மலர் ஐந்தாம் பக்கத்திற்குத் தாவும், படங்கள் இடம்பெயரும். கோப்பைக் குறை கூறிப் பயனில்லை. அமைப்புகள் பகுதியில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, அங்கே 'தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால் லதா திரும்பிவிடும். இதற்கு இணைய இணைப்பு வேண்டும். விசைப்பலகைக்கும் இதே நிலைதான்: மொழிப்பட்டியலில் தமிழைச் சேர்த்த பின், விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் ஒருசேர அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளலாம். மூன்று மொழிகள் உள்ள கணினியில் தமிழென்று எண்ணித் தெலுங்கில் தட்டெழுதிவிடுவது அடிக்கடி நிகழ்வதே.

திரையில் காணும் அடையாளமே கோளாற்றின் வகையைச் சொல்லிவிடும். வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நின்றால், அவ்வெழுத்துக்குரிய வடிவம் எந்த எழுத்துருவிலும் இல்லை என்று பொருள். இக்கட்டங்களைக் கணினித் துறையினர் 'டோஃபு' என்பர். சோயாவில் செய்யும் வெள்ளைக் கட்டியின் பெயர் அது. கூகுள் நிறுவனம் உருவாக்கிய எழுத்துருக்களுக்கு 'நோட்டோ' என்று பெயர் வந்ததும் "டோஃபு வேண்டா" என்னும் கருத்தில்தான். கட்டங்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே எண்கள் அப்படியே உள்ளன. ஆங்கில எழுத்துகளின் குவியல் தோன்றினால் பழைய எழுத்துருவைத் தேட வேண்டும். கொம்பு இடம் மாறினால் எழுத்தடுக்கும் பகுதி இயங்கவில்லை.

அஞ்ச வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. அது வினாக்குறி. ஒருங்குறித் தமிழைத் தமிழுக்கு இடமில்லாத பழைய குறியீட்டில் சேமித்தால், இயங்குதளம் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பதிலாக ஒரு வினாக்குறியை இட்டுவிடும். அவ்வாறு சேமித்தபின் தகரத்தின் எண்ணும் மகரத்தின் எண்ணும் ஒன்றே; இரண்டும் வினாக்குறியின் எண். அதிலிருந்து பழைய எழுத்தை மீட்க எந்த எழுத்துருவாலும் இயலாது. விண்டோஸின் நோட்பேட் செயலி 2019 வரை இத்தகைய குறியீட்டையே இயல்பாகக் கொண்டிருந்தது. எச்சரிக்கை ஒன்றைக் காட்டும், அதைப் படிக்காமல் 'சரி' என்று அழுத்தினோர் பலர். ஆகவே புதிய இயங்குதளத்தில் பழைய கோப்பு தவறாகத் தெரிந்தால், சேமிக்கும் விசையைத் தொடாமல் மூடிவிட்டு, முதலில் ஒரு படி எடுத்து வைப்பது நன்று.

படி எடுக்கும் வேலையை மேம்பாட்டுக்கு முன்பே செய்வது இன்னும் நன்று. 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 மேம்பாடு, சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டது. ஆவண உறையை வேறு வட்டுக்கு மாற்றியிருந்தோரின் கணினியில், பழைய உறை வெறுமையாக இருக்கும் என்று கருதி அதை அம்மேம்பாடு நீக்கியது. அதில் இன்னும் கோப்புகளை வைத்திருந்தோர் அவற்றை இழந்தனர். சில நாள்களிலேயே அம்மேம்பாடு நிறுத்தப்பட்டது; திருத்திய வடிவம் நவம்பரில் வந்தது. பெரிய நிறுவனத்தின் மென்பொருளிலும் இவ்வாறு நேர்ந்ததால், விரலி ஒன்றில் எடுத்து வைக்கும் படிக்கு ஈடில்லை. மேம்படுத்திய பின் கணினி ஒத்துழைக்காவிடில், பத்து நாள்களுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பும் வசதி விண்டோஸில் உண்டு. அதன்பின் பழைய பதிப்பின் கோப்புகள் தாமாக நீக்கப்படும்.

பழைய எழுத்துருவை நிறுவிப் படிப்பது தற்காலிகத் தீர்வே. அடுத்த கணினியில் அதே இடர் மீண்டும் வரும். அச்சகங்கள் பலவற்றில் பேஜ்மேக்கர் என்னும் பழைய செயலி இன்னும் வழங்குவதற்கும் இதுவே ஒரு காரணம். 2001இல் வந்த அதன் கடைசிப் பதிப்பும் ஒருங்குறியை ஏற்பதில்லை. நிலையான வழி, கோப்பினை ஒருங்குறிக்கு மாற்றுவது. சென்னையில் உருவான என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற செயலிகள் இதனை இலவசமாகச் செய்கின்றன. பழைய முறையின் பெயரைத் தேர்ந்து உரையை இட்டால் புதிய உரை வரும். வந்ததை அப்படியே ஏற்கக் கூடாது. கடிதத்தின் நடுவே உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதிய பெயரோ முகவரியோ இருந்தால், செயலி அதையும் தமிழென்று கருதி மாற்றிவிடும். 'ஔவையார்' என்பதில் வரும் ஔகாரம், ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து நிற்கவும் கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கணினிக்கு 2964 வேறு, 2962உம் 2995உம் வேறு. 'ஔவையார்' என்று தேடினால் அச்சொல் அகப்படாது. இத்தகைய பிழைகளை எழுத்தறிந்த ஒருவர் வரிவரியாகப் படித்தே திருத்த வேண்டும். வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால், அந்த வேலை அப்பிள்ளைக்குரியது.

பயிற்சி

1. பாமினியில் எழுதிய ஒரு சொல் கே, ஜே, பி என்னும் ஆங்கில எழுத்துகளாகத் தோன்றுகிறது. அச்சொல் யாது? 'மிதி' என்னும் சொல் எவ்வாறு தோன்றும்?

2. வெற்றுக் கட்டங்களாகத் தோன்றும் கோப்புக்கும் வினாக்குறிகளாகத் தோன்றும் கோப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. பிரித்து எழுதுக: இயங்குதளம், ஒருங்குறி, கல்வெட்டு, தலைமையிடம்.

4. வீட்டில் அல்லது உறவினரிடம் உள்ள பழைய தமிழ்க் கோப்பு ஒன்றின் படியைப் பெறுக. அது எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று கண்டறிந்து, ஒருங்குறிக்கு மாற்றி, பிழை திருத்தி வகுப்பில் படித்துக் காட்டுக.