முதலில் அது எப்படித் திரும்பும் என்று கேளுங்கள்

வீடியோ கேமுக்கு உயிரினம் வடிவமைக்கும் வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் அழகான ஓவியம்தான் பெரிய ஆபத்து. சுமாரான படமென்றால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். அழகான படத்தை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பாராட்டிவிட்டு அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு வருவதெல்லாம் வரைந்தவன் தலையில் விடியும்.

என் தலையில் அப்படித்தான் விடிந்தது. வெளிநாட்டு கேம் நிறுவனங்களுக்கு ஆர்ட் செய்து கொடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் கான்செப்ட் ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். நீங்களும் அப்படிப்பட்ட இடத்தில்தான் இருப்பீர்கள், இல்லையென்றால் அங்கேதான் சேரப் போகிறீர்கள். ஓர் ஆக்‌ஷன் கேமின் பாஸ் உயிரினம் எங்களிடம் வந்தது. சதுப்பு நிலத்தில் வாழ்கிறது, பெரியது, பார்த்தால் பயம் வர வேண்டும். பிரீஃபில் இருந்தது அவ்வளவுதான். ரெஃபரன்ஸ் சேர்த்தது, தம்ப்நெயில் போட்டது, அதில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தது எல்லாம் வழக்கம்போல நடந்தன. அதையெல்லாம் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். ஆறு கால், முதுகு நிறைய முள்ளம்பன்றி முள், வயிற்றுக்குக் கீழே தொங்கும் தோல் என்று ஒரு வடிவம் தேறியது.

மாடலுக்குள் எலும்பு வைத்து அசையச் செய்யும் ரிக்கிங் ஆட்களிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று லீடிடம் சொன்னேன். “மொதல்ல கிளையன்ட் ஓகே சொல்லட்டும் ப்ரோ, ரிக்கிங்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். பனிமூட்டத்துக்கு நடுவே பாறைமேல் படுத்திருப்பதுபோல முழு ஓவியமாகத் தீட்டச் சொன்னார். தீட்டினேன். கிளையன்ட் உடனே ஒப்புதல் கொடுத்தார். ஆபீஸில் கேக் வெட்டாத குறைதான்.

மாடல் ரிக்கிங்குக்குப் போனது. அங்கிருந்த அக்கா அதைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது எப்படிப்பா திரும்பும்?”

திரும்பவில்லை. உடம்பை வளைத்தால் முட்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. நடுக்கால்கள் உடம்போடு சேரும் இடத்தை மாடலர் தன் ஊகத்தில் செய்திருந்தார், ஏனென்றால் என் ஓவியத்தில் அந்த இடத்தில் இருந்தது பனிமூட்டம். ஆடுபவர் குறிபார்த்து அடிக்க வேண்டிய மார்பைத் தொங்குதோல் மூடியிருந்தது. எல்லாவற்றையும்விட மோசம் கேமரா. அந்த கேமில் கேமரா தரைக்குப் பக்கத்தில் இருந்து அண்ணாந்து பார்க்கும். திரையில் தெரிவது வயிறும் பாதமும்தான். நான் பார்த்துப் பார்த்து உழைத்ததெல்லாம் முதுகில்.

எலிவேஷன் படத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு, வீடு பாதி எழும்பியபின் படிக்கட்டுக்கு இடம் தேடிய கதைதான். வேறொருவரை வைத்து ஆறு காலை நாலாக்கினார்கள், முட்களை ஒட்டித் தகடுகளாக்கினார்கள். மாடலர்களின் உழைப்பு வீணானது. அறிக்கையில் தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் ‘கான்செப்ட்’ என்று எழுதினார்கள். கான்செப்ட் என்றால் நான். “அப்புறம் பாத்துக்கலாம்” என்றவரின் பெயர் அந்த அறிக்கையில் எங்கும் இல்லை. கேம் வெளிவந்தபோது உயிரினத்தின் தலை மட்டும் நான் வரைந்தபடியே இருந்தது. கிரெடிட்ஸில் என் பெயர் இல்லை.

எனவே, அசையுமா என்று பார்க்காமல் ஒப்புதல் வாங்காதீர்கள். மற்ற பாடங்களெல்லாம் இதன் கிளைகள்.

கேமில் இந்த உயிரினத்துக்கு என்ன வேலை என்று கேளுங்கள். 2005-இல் வந்த ‘ஷாடோ ஆஃப் த கொலோசஸ்’ கேமில் 16 ராட்சத உருவங்கள் உண்டு. அவற்றின் உடம்பில் அங்கங்கே ரோமம் இருக்கும். அது அலங்காரம் இல்லை. ஏறும்போது பிடித்துக்கொள்ளும் இடம். 2008-இன் ‘டெட் ஸ்பேஸ்’ பூதங்களைத் தலையில் சுட்டு வீழ்த்த முடியாது, கைகால்களைத் துண்டிக்க வேண்டும். அதனால்தான் அவற்றின் கைகள் அவ்வளவு நீளம். ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ (2013) கிளிக்கர்களுக்குப் பூஞ்சை முகத்தைப் பிளந்து கண்ணை மூடியிருக்கும். அந்த முகத்தைப் பார்த்ததுமே, இதற்குக் கண் தெரியாது, சத்தம் போடாமல் கடந்துபோக வேண்டும் என்று புரிகிறது. என் பிரீஃபில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தொங்குதோலை நான் போட்டிருக்கவே மாட்டேன்.

உடற்கூறு படியுங்கள். நாயின் பின்னங்காலில் முழங்கால் பின்பக்கமாக மடிவதாகத் தோன்றும் இடம் உண்மையில் குதிகால். இது தெரியாமல் வரைந்த ஓநாய் மனிதர்கள் ஏராளம். வௌவாலின் சிறகு நீண்ட விரல்களுக்கு நடுவே விரிந்த தோல். நாலு கால் டிராகனுக்குச் சிறகும் வைத்தால் ஆறு உறுப்புகள் ஆகின்றன. இரண்டாவது ஜோடித் தோளும் அதை இழுக்கும் தசையும் எங்கே என்று பதில் சொல்ல வேண்டும். ‘ஸ்கைரிம்’ (2011) டிராகன்களுக்குச் சிறகே முன்னங்கால் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. எடையையும் மறக்காதீர்கள். ஒரு விலங்கை அதே வடிவில் இருமடங்கு உயரமாக்கினால் எடை எட்டு மடங்காகும், எலும்பின் குறுக்குப் பரப்போ நாலு மடங்குதான் கூடும். யானைக்குக் கால் தூண்போல இருப்பதும், வளர்ந்த யானையால் குதிக்க முடியாததும் அதனால்தான். மலைபோன்ற உடம்புக்கு மான் கால் வைத்தால் பார்ப்பவருக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் கண் உறுத்தும்.

நிழலுருவில் தெரிகிறதா என்று பாருங்கள். ரிவ்யூவுக்கு வரும் பெரியவர்களுக்குப் பிடித்த சொல் ‘இன்னும் கொஞ்சம் டீட்டெயில்’. அவர்களுக்கு 1986-இன் ‘டிராகன் குவெஸ்ட்’ ஸ்லைமைக் காட்டுங்கள். யூஜி ஹோரி ஒரு கூழ்க்குவியலாகக் கிறுக்கிக் கொடுத்ததை அகிரா தோரியாமா சிரிக்கும் நீர்த்துளி ஆக்கினார். டீட்டெயில் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. இன்றுவரை அந்தத் தொடரின் முகம் அதுதான். ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ (2007) குழுவினர் ஒன்பது பாத்திரங்களையும் கறுப்பு உருவமாக மட்டும் பார்த்தாலே அடையாளம் தெரியும்படி வடிவமைத்தார்கள்.

“மைன்கிராஃப்ட் கிரீப்பர், பன்றி மாடல் தப்பாகப் போனதில் பிறந்ததுதானே, அதற்கு என்ன திட்டம்?” என்று என்னிடம் வாதம் செய்தவர்கள் உண்டு. நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டதில் வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்தவரே கேமையும் எழுதியவர். தவறு நடந்த அன்றே அது நடமாடுவதைத் தன் திரையில் பார்த்தார். நமக்கு அந்த வசதி இல்லை. நம் தவறு நாலு மேசை தாண்டித்தான் தெரியவரும், அதற்குள் நாலு பேரின் சம்பள நாட்கள் கரைந்திருக்கும்.

வேலை கேட்டு வரும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லோர் போர்ட்ஃபோலியோவிலும் யாளி இருக்கிறது. கோயில் யாளி அற்புதமான வடிவம்தான். சிங்க உடம்பு, சிலவற்றுக்கு யானைத் தும்பிக்கை, பின்னங்காலில் எழும்பி நிற்கும் வேகம். ஆனால் சிற்பி அதைத் தூணோடு நிற்கச் செய்தார், அந்த வேலைக்கு அது கச்சிதம். உங்கள் யாளி நடக்க வேண்டும், பாய வேண்டும், அடிபட்டு விழ வேண்டும். சிலையைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டுச் சிறகு ஒட்டினால் கேம் உயிரினம் ஆகிவிடாது.

இப்போது நான் தனியாக வேலை எடுத்துச் செய்கிறேன். வண்ண ஓவியத்தைக் கடைசியில்தான் தருவேன். முதலில் பக்கவாட்டுத் தோற்றம், அடிவயிறு, வாய் திறந்த நிலை, உடம்புக்குள் எலும்புக்கோடு, தாக்கும்முன் உடம்பைப் பின்னுக்கு இழுக்கும் நிலை. பிளெண்டரில் முரட்டு மாடல் ஒன்று செய்து கேமின் கேமரா உயரத்தில் வைத்துப் பார்த்துவிடுவேன். சில கிளையன்ட்களுக்கு இது பிடிப்பதில்லை, பளபளவென்று ஒரு படம்தான் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் போகட்டும்.

அடுத்த பாஸை வரையும்முன் ரிக்கிங் மேசைக்கு நடந்து போய்க் கேளுங்கள். லீட் வேண்டாமென்றால் அதை மின்னஞ்சலில் சொல்லச் சொல்லுங்கள், பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட்ஸில் பெயர் வருமா என்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும்முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.