சிவகாசி வீட்டுக்கு எந்த டிவி?

பழைய பிளாஸ்மா டிவி மலிவாக வருகிறதென்று அவசரப்படாதீர்கள். பானசோனிக் 2013 கடைசியில் அதன் தயாரிப்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டே சாம்சங்கும் எல்ஜியும் விலகின. பேனல் போனால் மாற்று கிடைப்பது அரிது. இருட்டறையில் பிளாஸ்மாவின் கறுப்பு அருமைதான். ஆனால் சிவகாசி வெயில் ஜன்னல் வழியே கொட்டும் கூடத்தில், கண்ணாடித் திரை எதிரொளித்துப் படம் மங்கும். நாள் முழுக்கச் செய்தி ஓடினால் சேனல் சின்னம் திரையில் தழும்பாகப் பதியவும் கூடும். மின்சாரமும் அதிகம் இழுக்கும்; இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் சீக்கிரம் கரையும்.

எல்இடி விளக்குள்ள எல்சிடியே வாங்குங்கள். கடையில் நேராக மட்டும் பார்க்காமல், பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். குடும்பமே வரிசையாகப் பாயில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு, ஓரத்திலிருந்தும் நிறம் வெளுக்காத ஐபிஎஸ் பேனல் ஏற்றது.